நியூயார்க் தனி நாடாக அறிவிக்கப்படவே இல்லை

அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்ததும் நியூயார்க்கைத் தனி நாடாக அறிவித்ததால் மேயர் ஃபெர்னாண்டோ வுட் பதவி பறிக்கப்பட்டு, அத்தோடு காணாமல் போனார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

அவர் அறிவிக்கவில்லை, யோசனைதான் சொன்னார். அதுவும் போர் தொடங்கும் முன்பே, 1861 ஜனவரியில், நகர மன்றத்துக்கு அனுப்பிய செய்தியில். அப்போது பிரிந்துபோகத் தொடங்கியிருந்த தென் மாநிலங்களின் பருத்தி வியாபாரத்தை நம்பித்தான் நகரத்து வணிகர்கள் இருந்தார்கள். அது கைவிட்டுப் போகக் கூடாது என்பதே கணக்கு. ஏப்ரலில் சம்டர் கோட்டை தாக்கப்பட்டுப் போர் தொடங்கியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. வுட்டே ஒன்றியத்தை, அதாவது வடக்குத் தரப்பை, ஆதரித்துப் பேசினார்.

மாநிலத் தலைநகரான அல்பனியில் இருந்த அரசோடு அவருக்கு இருந்த பகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1857இல் மாநில அரசு நகரப் போலீசைக் கலைத்துப் புதுப் படை அமைத்தது. வுட் பழைய படையைக் கலைக்க மறுத்தார். அவரைக் கைது செய்ய வாரண்டோடு வந்த புதுப் போலீசும் அவருடைய போலீசும் நகர மண்டபப் படிக்கட்டிலேயே தடியால் அடித்துக்கொண்டார்கள். பாஸ்டனுக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்த ஏழாவது ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவைக் கூப்பிட்ட பிறகுதான் அவர் வாரண்டை வாங்கினார். தனி நகர யோசனைக்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம்.

பதவியை யாரும் பறிக்கவும் இல்லை. 1861 டிசம்பரில் மும்முனைப் போட்டியில் ஜார்ஜ் ஓப்டைக்கிடம் தோற்றார், அவ்வளவுதான். அப்புறம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போய், அடிமைமுறையை ஒழித்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை எதிர்த்து வாக்களித்தார். அவர்மேல் உண்மையாக வைக்க வேண்டிய குற்றச்சாட்டு அதுதான். 1881இல் இறந்தபோதும் அவர் காங்கிரஸ் உறுப்பினர்தான்.