சாரத்திலிருந்து விழுந்தால் 'ஆல் ரிஸ்க்' பணம் தருமா?
பெங்களூருவில் நம் மேஸ்திரிகளின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி எடுத்தாச்சுன்னா ஆளுங்களுக்குத் தனி இன்சூரன்ஸ் வேண்டாம்."

தவறு. பெயரில்தான் 'ஆல்'. மழையில் மண் சரிந்து அஸ்திவாரம் போனாலோ, சென்ட்ரிங் சாய்ந்து பக்கத்து வீட்டுச் சுவர் உடைந்தாலோ அந்தப் பாலிசி கைகொடுக்கும். சாரத்திலிருந்து விழுந்த நம் கொத்தனார் அதில் 'மூன்றாம் நபர்', அதாவது வேலைக்குச் சம்பந்தமில்லாத வெளியாள், ஆகமாட்டார். மூன்றாம் நபருக்கான பிரிவில் சொந்த ஆட்களை விலக்கியே எழுதியிருக்கும். இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு இழப்பீடு தருவது முதலாளியின் பொறுப்பு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக வேண்டும்.

சப்-காண்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள் என்று கைகழுவவும் முடியாது. தொழிலாளி மெயின் காண்ட்ராக்டரிடமே கேட்கலாம். அவர் அப்புறம் சப்-காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். பிரீமியத்துக்குப் பயந்து ஆள் கணக்கையும் கூலியையும் குறைத்து எழுதாதீர்கள். கிளெய்ம் அங்கேதான் அடிபடும்.