டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று சாயங்காலம்

தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "என் பேரை மட்டும் போடாதக்கா, மத்ததெல்லாம் எழுது" என்றான்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, குடிநோய்ச் சிகிச்சை முடிந்து கரூரில் இருக்கும் வீட்டுக்கு வந்தான். முப்பது நாள் உள்ளே இருந்தான். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. கை நடுங்கவில்லை. டம்ளரை ஒரே கையால் பிடித்துக் காபி குடித்ததை நாங்கள் எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். முக்குக் கடைக்குப் போய்வரப் பத்து நிமிடம் போதும். இருபது நிமிடம் ஆகிவிட்டது. அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். அவன் தெருமுனையில் வருவது தெரிந்ததும் சாமி மாடத்திலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து, "நில்லு கண்ணு, துன்னூறு வெச்சு உடறேன்" என்றார். பூசுகிற சாக்கில் முகத்தை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவனுக்குப் புரிந்துவிட்டது. பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே குனிந்து, அம்மாவின் முகத்துக்கு நேரே "ஹா" என்று மெதுவாக ஊதினான். அம்மாவின் விரல் அவன் நெற்றியிலேயே நின்றுவிட்டது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. பாலை அடுப்படியில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். பின்னாலேயே நானும் போனேன். "அம்மா மேல தப்பு இல்லக்கா. நானா இருந்தாலும் மோந்துதான் பாப்பேன். ஆனா தினமும் இப்படின்னா நான் எங்க போயி உக்கார்றது?" என்றான்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அவனைச் சேர்ப்பதற்கு நாங்கள் எவ்வளவு ஓடினோம்! நகையை அடகு வைத்தோம், நாலு பேரிடம் விசாரித்தோம், வேலை செய்யும் இடத்தில் லீவு சொன்னோம், குழந்தையை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். திரும்பி வருகிற நாளுக்கு என்ன செய்தோம் என்றால், நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தோம். அவ்வளவுதான். அவன் சரியாகி வருவான், பழையபடி எல்லாம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பழையபடி நடப்பதற்கு எங்கள் வீட்டில் பழையது என்று எதுவும் மிச்சம் இல்லை. பதினோரு வருடம் அவன் இல்லாமலே ஓடப் பழகிய வீடு அது. காஸ் பதிவு செய்வது, ரேஷன், பள்ளிக்கூட ஃபீஸ், வண்டிக்கு இன்சூரன்ஸ் எல்லாமே அவன் மனைவிதான். ஒன்பது வயது மகள் பரீட்சைத் தாளில் கையெழுத்து வாங்க அப்பாவைத் தாண்டி அம்மாவிடம் போனாள். வேண்டுமென்று செய்யவில்லை, அப்படியே பழகிவிட்டாள். அவன் பிளாஸ்டிக் சேரைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்தப் பதினான்கு மாதத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். நம்பிக்கை வேறு, இடம் வேறு. நம்பிக்கை வர மாதக்கணக்காகும். அடிபட்டவர்களிடம் போய் உடனே நம்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் வீட்டில் ஓர் இடம் முதல் நாளே கொடுக்க முடியும். நாங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, நம்பிக்கை வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவனை வாசலிலேயே உட்கார வைத்திருந்தோம்.

அவனைக் குடியிலிருந்து மீட்க நாங்கள் முயன்றது இது மூன்றாவது முறை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. அம்மாவும் மாமாவும் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள், நாலு நாள் குடிக்காமல் இருந்தால் விட்டுவிடுவான் என்று. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தான், என்னை யாரென்று தெரியவில்லை. பல வருடம் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும் என்று பிறகு டாக்டர் சொன்னார். நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும், வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும். தயவுசெய்து யாரும் வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். எங்களுக்குத் தெரியாது, அதனால் செய்தோம்.

இரண்டாவது தடவை ஒரு தனியார் மையம். பெயர் வேண்டாம். ராத்திரி வேனில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மொட்டை அடித்தார்கள். அடித்தார்கள். ஒரு மாதம் போனில்கூடப் பேச விடவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தவன் அன்று இரவே குடித்தான். அன்றைக்கு அவன் மேல் வந்த கோபத்தை நினைத்தால் இப்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியால் வரும் மனநலப் பாதிப்பையும் சேர்த்தே பேசுகிறது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, கொடுமைப்படுத்தக் கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது. மையம் பதிவு பெற்றதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இதெல்லாம் தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, அடித்தாலாவது திருந்தட்டும் என்று வேறு சொல்லியிருக்கிறோம்.

மூன்றாவது தடவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. அவனே வருகிறேன் என்று சொல்லி வந்தான். அங்கேயிருந்த கவுன்சலர் அம்மா டிஸ்சார்ஜுக்கு முன்னால் குடும்பத்தை இரண்டு முறை வரச் சொல்லியிருந்தார். நாங்கள் போகவில்லை. குடிக்கிறது அவன், நாங்கள் எதற்கு என்று இருந்துவிட்டோம். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மா தொடங்கிய டிடிகே மருத்துவமனையில் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை என்று பிற்பாடுதான் படித்தேன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு அதை ஆரம்பித்தவர் அவர். வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

பால் பாக்கெட் சம்பவத்துக்குப் பிறகு அந்தக் கவுன்சலர் அம்மாவைத் தேடிப் போனேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "அவர் செய்யலைன்னா வீட்டுக்கே தெரியற மாதிரி ஒரு வேலையைக் கொடுங்க, சும்மா ஒப்புக்குக் கொடுக்காதீங்க" என்றார்.

எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை வரும், விடியற்காலை நாலரை மணிக்கு. தம்பி மனைவிதான் எழுந்து பிடித்துக்கொண்டிருந்தாள். குடியை விட்டவர்களுக்குப் பல வாரத்துக்கு ஒழுங்காகத் தூக்கம் வராது. அவனும் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சரி, தண்ணீர் இனிமேல் உன் பொறுப்பு என்று விட்டோம். முதல் நாள் ஒரு குடம் விடாமல் பிடித்து, அடுப்படியில் வரிசையாக அடுக்கி, மேலே தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தான். ஐந்தே முக்காலுக்கு எழுந்து வந்த அவன் மனைவி குடங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். பதினோரு வருடத்தில் அவள் விடிந்த பிறகு எழுந்த முதல் தண்ணீர் நாள் அது. அவனைப் பாராட்டவில்லை. பேசவும் இல்லை. ஆனால் அடுத்த தடவை, நாளைக்குத் தண்ணீர் வரும் என்று அவனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

சனிக்கிழமைதான் பயம். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டர் அவன். சனி சாயங்காலம் சம்பளம், கையில் காசு, கூட நாலு பேர். பட்டறையிலிருந்து வீட்டுக்கு வர மூன்று வழி, அதில் இரண்டு டாஸ்மாக்கைத் தொட்டுக்கொண்டு போகும். மூன்றாவது வழி இரண்டு கிலோமீட்டர் சுற்று. இன்றுவரை அந்தச் சுற்று வழியில்தான் வருகிறான். பட்டறை முதலாளியிடம் பேசி, இவனுக்கு மட்டும் திங்கட்கிழமை காலை பேங்க் கணக்கில் போடச் சொன்னோம். மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டார். பசி, கோபம், தனிமை, அசதி இந்த நாலில் எது வந்தாலும் ஆபத்து என்று, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ராத்திரிச் சாப்பாட்டை ஒன்பது மணியிலிருந்து ஆறரைக்கு மாற்றினோம். வயிறு நிறைந்துவிட்டால் அந்த அரிப்பு பாதி அடங்கிவிடுகிறது என்கிறான். சட்டைப் பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும்.

தம்பி மனைவியைப் பற்றி எழுதாமல் இதை முடிக்கக் கூடாது. அவன் குடித்துக்கொண்டிருந்தபோது வாயே திறக்காதவள், அவன் விட்ட பிறகு தொட்டதற்கெல்லாம் கத்த ஆரம்பித்தாள். துண்டை ஈரத்தோடு கட்டிலில் போட்டான் என்று அரை மணி நேரம் கத்தினாள். "அதான் திருந்திட்டானே, இன்னும் என்னத்துக்கு இந்த ஆட்டம்" என்று சொந்தக்காரர்கள் அவளைத்தான் திட்டினார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அவர் குடியை விட்டுவிட்டுக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் அவர் மனைவி லோயிஸ் ஆத்திரத்தில் ஷூவைத் தூக்கி வீசினாராம். தனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அப்போதுதான் யோசித்தார். அந்த யோசனை வளர்ந்து, குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951இல் அல்-அனான் உருவானது. தம்பி மனைவியின் கோபத்தை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். பதினோரு வருடக் கோபம் எங்கே போகும்? குடிக்கிறவனிடம் கத்தினால் அடி விழும். கேட்கிற நிலையில் அவன் இப்போதுதான் இருக்கிறான், அதனால் இப்போது கத்துகிறாள். கத்தட்டும். அடி உதை தாங்காமல், இனி இவனோடு வாழ முடியாது என்று ஒரு பெண் முடிவெடுத்தாலும் அது சரிதான். அவன் திருந்திவிட்டான் என்பதற்காக அவளை இழுத்துவந்து சேர்த்து வைக்கும் பஞ்சாயத்தை நான் ஏற்க மாட்டேன்.

தம்பி மனைவியிடம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாத்திரையைக் கொடுத்து, பொடி செய்து குழம்பில் கலந்துவிடு, ஜென்மத்துக்கும் தொட மாட்டான் என்றார். நல்லவேளையாக என்னிடம் காட்டினாள். டைசல்பிராம். டாக்டர் பரிசோதித்து, நோயாளிக்குத் தெரிந்து, அவன் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மாத்திரை. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆளே போய்விடலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட அதன் வேலை இருக்கும். தெரியாமல் சாப்பிட்டவன் என்னவென்று புரியாமலே விழுவான். எத்தனை வீட்டில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்களோ, நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நாலாவது மாதம் தவறினான். சித்தப்பா சாவு. எழவு வீட்டில் பந்தலுக்குப் பின்னால், "துக்கத்துக்கு ஒரு கட்டிங்தான்டா, ஒண்ணும் ஆவாது" என்று ஊற்றிக் கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் சொந்தம். அவனுக்கு ஒரு கட்டிங் என்பது கிடையாது. ஒன்று உள்ளே போனால் அது அடுத்ததைக் கேட்கும், அதற்குப் பெயர்தான் நோய். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு அவனே எனக்குப் போன் செய்தான். "அக்கா, குடிச்சிட்டேன். வீட்டுக்குப் போகல." நான் போய்க் கூட்டிவந்தேன். அம்மா அன்று முகர்ந்து பார்க்கவில்லை, தேவையும் இல்லை. பாய் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்பு தவறியபோதெல்லாம் மூன்று நாள் ஓடி ஒளிவான். இந்த முறை போன் செய்ய அவனுக்கு ஓர் ஆள் இருந்தது. அதற்குப் பிறகு பத்து மாதம் ஆகிறது.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். 2003 நவம்பரிலிருந்து மதுவின் சில்லறைக் கடையை நடத்துவது அரசுதான். 2024-25இல் இதில் வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். 2016இல் 500, 2017இல் 500, 2023இல் 500 என்று கடைகளை மூடினார்கள், நல்லதுதான். ஆனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவன் எப்படி இருக்கிறான் என்று எங்களுக்கு ஒரு போன் வரவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதே ஆட்கள் குடியை விட்டு வந்தவன் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நின்று, தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போனால் எவ்வளவு பேர் தப்பிப்பார்கள்! அந்த வருவாயில் எங்கள் வீட்டுப் பணமும் பதினோரு வருடம் போயிருக்கிறது. கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு யாராவது திரும்பி வரப்போகிறார்கள் என்றால், டிஸ்சார்ஜுக்கு முன்னால் கவுன்சலர் கூப்பிடும்போது போய்விடுங்கள். 14446 போதை மீட்புக்கான உதவி எண், 14416 டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், இரண்டுக்கும் காசு கிடையாது. என்னிடம் பேச வேண்டும் என்றால் இன்பாக்ஸில் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும் பதில் வராது. அந்த நேரம் நான் தம்பி வீட்டில் இருப்பேன்.