தலைவர் வீட்டிலும் அதே குழாய்தான்

போன கோடையில் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் சின்ன ஊர். போர்வெல் மோட்டாரில் காயில் (கம்பிச் சுருள்) எரிந்துபோய் மூன்று நாளாக மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மூன்றாம் நாள் காலையில் பத்துப் பதினைந்து பெண்கள் காலிக் குடத்தோடு பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அன்று மத்தியானமே மோட்டாரை வெளியே தூக்கி, காயில் கட்டக் குடியாத்தத்துக்கு அனுப்பினார்கள். மறுநாள் மாலை தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படிம்மா இவ்ளோ சீக்கிரம் நடந்துது?" என்று பெரியம்மாவைக் கேட்டேன்.

"தலைவரு வூட்டுலயும் அதே கொழாதானே. அவங்க வூட்டுலயும் மூணு நாளா தண்ணி இல்லியே" என்றார்.

நான் குடியிருக்கும் நகரத்தின் பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஆனது. போனில் புகார் கொடுத்தேன். "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்த அன்றும் வாசலில் அதே கறுப்புத் தண்ணீர், அதே கொசு. தூய்மைப் பணியாளர்களைக் குறை சொல்ல மாட்டேன், வெறும் கையால் அவர்கள் என்ன செய்வார்கள்? அந்தப் புகாரை முடித்து வைத்தவர் எங்கள் தெருவில் கால் வைத்தவரே இல்லை. என் வருத்தம் அதுதான்.

முடிவெடுப்பவருக்கும் மக்களுக்கும் நடுவிலுள்ள இந்தத் தூரத்தைத்தான் எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஆராய்ந்தார். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்க விரும்பியவருக்கு, கணக்கு போதிய அளவு படிக்கவில்லை என்று இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியல் பக்கம் போனார். கடைசியில் 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். ஏரி, காடு, மீன்பிடி நீர்நிலைகளை ஊர் மக்களே சேர்ந்து எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்ற ஆய்வுக்காகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய, 1970-களின் ஆய்வு.

அமெரிக்காவில் போலீஸ் என்பது ஊருக்கு ஊர் தனித்தனி. சின்னச் சின்ன போலீஸ் துறைகளையெல்லாம் ஒன்றாக்கிப் பெரிதாக்கினால் செலவு குறையும், சேவை கூடும் என்று அப்போது நிபுணர்கள் பலரும் நம்பினார்கள். ஆஸ்ட்ரமும் அவருடைய மாணவர்களும் அதை அப்படியே ஏற்காமல், இண்டியானாபொலிஸ் நகரில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். கூப்பிட்டால் போலீஸ் எவ்வளவு நேரத்தில் வருகிறது, உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று. பெரிய துறையின் கீழ் இருந்த பகுதிகளையும், அதே மாதிரி வசதியுள்ள, ஆனால் சொந்தமாகச் சின்னத் துறை வைத்திருந்த பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், சின்னதுதான் நன்றாக வேலை செய்தது. பிறகு 80 பெருநகரப் பகுதிகளில் விரிவாகப் பார்த்தார்கள். ரோந்து போவது போல மக்களோடு நேரடியாகச் செய்யும் வேலைகளில் பெரிய துறை எங்குமே முந்தவில்லை. ஆனால் தடய ஆய்வுக்கூடம் மாதிரியான வேலைக்குப் பெரிய அமைப்புதான் சரி என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. எந்த வேலைக்கு எந்த அளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும் என்றார்கள்.

நம் ஊரில் போலீஸ் மாநில அரசின் கையில். ஆனால் குப்பை, கால்வாய், தெருவிளக்கு மூன்றுக்கும் இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். வேலூர் 1866-லிருந்து நகராட்சி. 2008-ல் மாநகராட்சி ஆனது. 2011-ல் சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற பக்கத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து 60 வார்டு. சேர்த்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீரை இத்தனை தூரம் கொண்டுவர எந்தத் தனி ஊராலும் முடியாது, அதற்குப் பெரிய கைதான் வேண்டும். அப்புறம் அந்தத் தண்ணீரை எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறந்துவிடுவது? அது வால்வு திறக்கிற ஆளுக்கும் அந்தத் தெருப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம்.

1986-ல் பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் புக்கானன் சொன்னதையும் இங்கே சேர்த்துப் பார்க்கிறேன். கடையில் பேரம் பேசும்போது நாம் எப்படிப்பட்ட மனிதர்களோ, ஆட்சியில் உட்கார்ந்தாலும் அதே மனிதர்கள்தான். அதனால் நல்லவர் வருவாரா என்று காத்திருப்பதைவிட விதி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் மாவட்டங்களில் விதி என்ன ஆனது? ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் பெரும்பாலான மாவட்டங்கள் ஓட்டுப் போட்டன. வேலூரை மூன்றாகப் பிரித்த வேலையால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூருக்கு அப்போதும் இல்லை. 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டோம். ஐந்து வருடம், தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. அந்த அலுவலர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் வீட்டுக் குழாய் வேறு ஊரில் இருந்தது. குடத்தோடு யார் வாசலில் போய் நிற்பது? இந்த ஐந்து வருடத்தை நாம் இவ்வளவு எளிதாக மறந்துவிட்டது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. 2021-ல் வந்தவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடியும் கணக்கு. இன்னொரு முறை எந்தக் காரணம் சொல்லியும் தள்ளிப்போட விடக்கூடாது.

நகரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கிராம சபை மாதிரியே வார்டுக்குள் ஏரியா சபை. 2022 நவம்பர் 1-ல் முதல் கூட்டங்கள் நடந்தன. அதில் போய் உட்கார்ந்து, என் தெருக் கால்வாயின் அகலம் என்ன, கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள், எவ்வளவு செலவானது என்று கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்கு எங்கள் தெருவிலிருந்து ஆறு வீட்டுக்காரர்கள் போகிறோம். கால்வாயை நாளுக்கு ஒன்றாக எடுத்த படங்களும், அந்த "தீர்க்கப்பட்டது" மெசேஜும் போனில் இருக்கின்றன.

உங்கள் வார்டில் ஏரியா சபை கடைசியாக எப்போது நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள்? ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் நண்பர்கள் கீழே எழுதுங்கள்.