மாத்திரை சாப்பிட்டால் எழுத்து வராது என்றவருக்கு

ஞாயிற்றுக்கிழமை புத்தக வெளியீட்டில் நடந்த அந்தப் பேச்சைப் பற்றித்தான். யார் பேசினார் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர் போட மாட்டேன். இருபது வருடமாக அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு யாராவது பேசியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

டிப்ரஷன் படைப்பாளிக்குக் கிடைத்த கொடையாம். சோகம் ஊறும் இடத்தில்தான் கற்பனையும் ஊறுகிறது என்று அமெரிக்காவில் மூளையை ஸ்கேன் எடுத்தே நிரூபித்துவிட்டார்களாம். மாத்திரை போட்டால் அந்த ஊற்று அடைபட்டுவிடுமாம். அரங்கமே கைதட்டியது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து மறுத்துப் பேசாமல் வீட்டுக்கு வந்ததற்கு என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, அப்படி யாரும் நிரூபிக்கவில்லை.

நீங்கள் சொன்ன ஆய்வு ரோஜர் பீட்டியுடையது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் உளவியல் ஆய்வாளர். கட்டுரை 2018இல் வந்தது. 163 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, சாதாரணப் பொருள் ஒன்றைச் சொல்லி, இதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். சாக்ஸ் என்றால் ஒருவருக்குக் காலைக் கதகதப்பாக வைப்பதுதான் தோன்றும். இன்னொருவருக்குத் தண்ணீர் வடிகட்டலாமே என்று தோன்றும். அந்த இரண்டாவது ஆளின் மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் பீட்டியின் கேள்வி.

அதில் மூன்று வலைப்பின்னல்கள், அதாவது மூளையில் சேர்ந்து இயங்கும் பகுதிகளின் கூட்டங்கள், வருகின்றன. ஒன்று டிஃபால்ட் மோட் நெட்வொர்க். நாம் சும்மா இருக்கும்போது ஓடுவது. பழைய நினைவு, நாளைய கவலை, மனக்கோட்டை எல்லாம் அங்கேதான். செயின்ட் லூயிஸ் நகரில் மார்க்கஸ் ரெய்க்கல் குழுவினர் 2001இல் இதை விவரித்தார்கள். இரண்டாவது, மனதைப் பிடித்து நிறுத்தி, தோன்றியதில் எது தேறும் எது தேறாது என்று கழித்துக்கட்டுவது. மூன்றாவது, எதைக் கவனிக்க வேண்டும் என்று பொறுக்கி எடுத்து, மற்ற இரண்டுக்கும் இடையே ஆளை மாற்றிவிடுவது. பொதுவாக முதலாவது ஓங்கினால் இரண்டாவது அடங்கும். புதுமையாக யோசித்தவர்களிடம் இந்த மூன்றும் சேர்ந்து வேலை செய்யும் இணைப்பு வலுவாக இருந்தது. கண்டுபிடிப்பு இவ்வளவுதான்.

இதில் மனச்சோர்வு எங்கே வருகிறது? வரவே இல்லை. அது மனச்சோர்வு பற்றிய ஆய்வே அல்ல.

டிஃபால்ட் மோட் நெட்வொர்க் மனச்சோர்வு ஆய்வுகளிலும் அடிபடும் பெயர் என்பது உண்மை. இவெட் ஷெலைன் 2009இல் மனச்சோர்வு உள்ளவர்களிடம் மனதை வருத்தும் படங்களைக் காட்டிப் பார்த்தார். மற்றவர்களுக்கு அடங்கிய அந்த நெட்வொர்க் இவர்களுக்குச் சரியாக அடங்கவில்லை. நினைத்ததையே நினைத்துக்கொண்டு செக்குமாடு மாதிரி சுற்றுகிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று பலர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அதுவும் முடிந்த விஷயமில்லை. சீனாவில் 1,300 நோயாளிகளின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் இந்த நெட்வொர்க்குக்குள் இணைப்பு கூடவில்லை, குறைந்திருந்தது. ஆய்வாளர்களே இன்னும் அடித்துப் பேசாத விஷயத்தை நீங்கள் மைக்கில் அடித்துப் பேசிவிட்டீர்கள்.

இரண்டிலும் ஒரே நெட்வொர்க் வருகிறது, ஆகவே இரண்டும் ஒன்று. உங்கள் வாதம் இதுதானே? வயலுக்குத் தண்ணீர் பாய்வதும் அதே வாய்க்காலில்தான், மடை உடைந்து நாற்று அழுகுவதும் அதே வாய்க்காலில்தான். நாற்று அழுகியதைப் பார்த்து விளைச்சல் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான்.

இனி என் கதை. 2017 ஆடியில் தொடங்கியது. காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, கேஸ் வாடை வரும். வாடை தெரியும், எழ முடியாது. கண் எதிரே நடப்பது தெரிந்தும் கை அசையாது. எதிர்வீட்டு அத்தை ஓடி வந்து ஒருநாள் சிலிண்டரை மூடினார்.

அந்த நாட்களில் எழுதிய நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. முதல் பக்கத்தில் "அவள் கதவைத் திறந்தாள்" என்று எழுதி அடித்திருக்கிறேன். கீழே "அவள் கதவைத் திறக்கவில்லை." அதையும் அடித்திருக்கிறேன். மறுபடியும் "அவள் கதவைத் திறந்தாள்." இப்படியே நான்கு பக்கம். சில இடங்களில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. ஐந்தாவது பக்கத்திலிருந்து வெற்றுத்தாள்தான். நீங்கள் சொல்லும் கொடை எனக்குக் கொடுத்தது அந்த நான்கு பக்கம்.

மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மூத்த எழுத்தாளர் என்னிடம், "எழுதுறவளுக்கு எதுக்கும்மா இதெல்லாம், உள்ள இருக்கிற நெருப்பு அணைஞ்சிடும்" என்றார். நம்பினேன். மருத்துவரிடம் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தினேன். தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. ராத்திரி உடம்பெல்லாம் வியர்வை. இந்த மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று நிறுத்தினால் இப்படி வரலாம் என்று மருத்துவர் பிறகுதான் சொன்னார். மூன்றாவது வாரம் பழையபடி அந்த நாற்காலி. திரும்ப ஏறி வர ஐந்து மாதம் பிடித்தது. ஏறி வந்த பிறகுதான் அந்தக் கதையை எழுதி முடித்தேன். கதவு திறந்ததா என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

"ஆய்வுகள் வேறு மாதிரியும் சொல்கின்றனவே" என்று சிலர் கிளம்புவார்கள். தெரியும். நான்சி ஆன்ட்ரியாசன் 1987இல் அயோவாவில் 30 எழுத்தாளர்களைப் பேட்டி கண்டார். 80 சதவீதம் பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது மனநிலைக் கோளாறு இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்டவர்களில் அது 30 சதவீதம். இந்த 80ஐ மட்டும் எல்லா மேடையிலும் சொல்வார்கள். முப்பதே பேர், பேட்டி எடுத்ததும் அவர் ஒருவரே என்பதைச் சொல்ல மாட்டார்கள். நோய் முற்றியிருந்தபோது தங்களால் எழுத முடியவில்லை என்று அந்த எழுத்தாளர்கள் அவரிடம் சொன்னதையும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்வீடனில் சைமன் க்யாகா நாடு முழுக்க உள்ள பதிவேடுகளை எடுத்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து 2013இல் எழுதினார். கலை, அறிவியல் துறைகளில் இருப்பவர்களை மொத்தமாக எடுத்தால், மனம் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு தவிர மற்ற மனநோய்கள் அவர்களுக்குக் கூடுதலாக இல்லை. எழுத்தாளர்கள் மட்டும் விலக்கு. மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் எல்லாம் நமக்கு அதிகம். தற்கொலை கிட்டத்தட்ட 50 சதவீதம் அதிகம். இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு ஒருவர் எழுத்தாளர்கள் நிறைந்த கூட்டத்தில் மருந்தை விடு என்று எப்படிச் சொல்வார்? செத்துப்போகிறோம் என்று பதிவேடு சொல்கிறது அண்ணா.

பால் வெர்ஹேகன் என்பவர் 2005இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வையும் படியுங்கள். தன்னைத் தானே நோண்டி நோண்டிப் பார்க்கும் மனசுக்கு மனச்சோர்வோடும் தொடர்பு உண்டு, படைப்பில் இருக்கும் ஈடுபாட்டோடும் தொடர்பு உண்டு. மனச்சோர்வுக்கும் படைப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதாவது நம்மை எழுத வைப்பது நோய் இல்லை, நம் சுபாவம். மாத்திரை சுபாவத்தைக் கொண்டுபோகவில்லை. என்னிடம் அது அப்படியே இருக்கிறது, இந்தப் பதிவே சாட்சி.

மாத்திரையால் சிலருக்கு உணர்ச்சி மழுங்குகிறதே என்பீர்கள். ஆமாம், நடக்கிறது. மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், மருந்தை மாற்றுவார். எனக்கும் மாற்றினார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

அடுத்து வான்கோ. எப்போதும் வான்கோ. 1889இல் செயின்ட் ரெமி மனநல விடுதிக்குத் தானாகவே போய்ச் சேர்ந்த மனிதர் அவர். நோய் தாக்கிய வாரங்களில் அவரால் வரைய முடியவில்லை, தெளிந்த நாட்களில் வரைந்து தள்ளினார். 37 வயதில் போய்விட்டார். நம் கவிஞர் ஆத்மாநாம் 1984இல் போனபோது வயது 33. அவர்கள் வலியால் எழுதினார்கள், வரைந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அந்த வலி இல்லாமல் இன்னும் முப்பது வருடம் இருந்திருந்தால் என்னென்ன கொடுத்திருப்பார்கள் என்று ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா?

"நீ மருந்துக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறாய்" என்று ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். ஏழு வருடம் இதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தேன். என் மாமியாருக்குக்கூட இன்றுதான் இது தெரியப்போகிறது. எந்தக் கம்பெனிக்காக ஒருத்தி இதையெல்லாம் வெளியே சொல்வாள்?

இவ்வளவும் எழுத வைத்தது ஆய்வுக் கட்டுரை இல்லை. ஞாயிறு இரவு 11 மணிக்கு இன்பாக்ஸில் ஒரு செய்தி. கூட்டத்துக்கு வந்திருந்த தங்கச்சி ஒருத்தி, அவளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். கவிதை எழுதுகிறாள். நாலு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள், இப்போதுதான் தூக்கம் வருகிறதாம். "அக்கா, சார் சொன்ன மாதிரி மாத்திரையை நிறுத்திடட்டுமா? கவிதை நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

அவள் உங்களை நம்புகிறாள் அண்ணா. உங்கள் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்வாள். நான் ஒரு மணி நேரம் பேசியும் அவள் பாதிதான் நம்பினாள், ஏனென்றால் நான் நீங்கள் இல்லை. அவள் எண்ணைத் தருகிறேன். ஒரு போன் போட்டு, "நான் சொன்னது தப்பும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மேடையில் திருத்த வேண்டாம், எனக்குப் பதிலும் வேண்டாம்.

வியாழக்கிழமை அவளுக்கு மருத்துவரைப் பார்க்கும் நாள். கூட வரீங்களா அக்கா என்று கேட்டாள். ஒன்பதரை பஸ்ஸுக்கு ஸ்டாண்டில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.