நட்சத்திர ஆமை வேண்டுமாம்

"சித்தப்பா, நட்சத்திர ஆமை வாங்கித் தாருங்கள்" என்று அண்ணன் மகன் ஒரு வாரமாக நச்சரிக்கிறான். சிங்கப்பூரில் அதை வளர்ப்பது குற்றம் என்றால், "என் நண்பன் வீட்டில் இருக்கிறதே!" என்கிறான். இருக்கிறதாம், அலமாரிக்குள், பிளாஸ்டிக் டப்பாவில், வெயிலே படாமல்! தமிழ்நாட்டுப் புதர்க்காட்டில் மேய வேண்டிய உயிர், யாரோ பெட்டியில் துணிகளுக்கு நடுவே திணித்துக் கொண்டுவந்ததால், அடுக்குமாடியில் கீரைத்தண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2019இல் அதை ஆகக் கடுமையான முதலாம் பட்டியலுக்கே ஏற்றிவிட்டது. இவனுக்கோ அது அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

"சரி, சிவப்புக்காது ஆமையாவது?" அதற்கு அனுமதி உண்டுதான். உள்ளங்கை அளவில் வாங்குவார்கள். சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்ததும் நீர்த்தேக்கத்தில் விட்டுவிட்டுப் புண்ணியம் என்பார்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனைக்கே 2024 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைச் சொல்லித் தொலைத்தேன். இப்போது பூனை கேட்கிறான்.