குரூப்பை மூடிட்டீங்க. இனி அந்தப் பிள்ளைங்க யாரைக் கேட்கும்?

ஒரு ஃபார்மசி காலேஜ் போட்ட அந்தச் சுற்றறிக்கையை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. காலேஜ் பேரை நான் போடல, நீங்களும் கமெண்ட்ல போடாதீங்க. சீனியரும் ஜூனியரும் சேர்ந்திருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்பையும் கலைக்கணுமாம். பி.ஃபார்ம் முதல் வருஷப் பிள்ளைகளுக்காக மூணாம் வருஷப் பசங்க நடத்தின குரூப்பும், ஞாயித்துக்கிழமை கூகுள் மீட்டும் ஒரே நாள்ல காலி.

காரணம், ராகிங் தடுப்பு.

வாட்ஸ்அப்ல ஜூனியரை மிரட்டுறதும் அவமானப்படுத்துறதும் ராகிங்தான்னு யூஜிசி 2025ல சொன்னது. நூத்துக்கு நூறு சரி. தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் 1997லயே வந்துச்சு, ஒரு பையனைப் பறிகொடுத்த பிறகு. அந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா மிரட்டாதேன்னு சொன்னா, சொல்லிக்கொடுக்கிறதையும் சேர்த்து நிறுத்துறது என்ன கணக்கு? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

நான் அரசுப் பள்ளி, தமிழ் வழி. முதல் செமஸ்டர், இன்ஆர்கானிக் லேப், குளோரைடு லிமிட் டெஸ்ட். சில்வர் நைட்ரேட் ஊத்தினதும் என் நெஸ்லர் சிலிண்டர் (டெஸ்ட் பண்ற கண்ணாடிக் குழாய்) லேசா பால் மாதிரி கலங்கிருச்சு. "குளோரைடு இருக்கு, சாம்பிள் ஃபெயில்"னு எழுதிட்டேன். லேப் எடுத்தவங்க என் ரெக்கார்டைத் தூக்கி டேபிள்ல போட்டு, "பன்னெண்டாவது எங்கம்மா படிச்ச?"ன்னு கேட்டாங்க. லேபே சிரிச்சுது.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு அக்காதான் சொன்னாங்க: "லிமிட் டெஸ்ட்னா இருக்கா இல்லையான்னு பார்க்கிறது இல்லடி. இருக்கலாம்னு விட்ட அளவைத் தாண்டுச்சான்னு பார்க்கிறது. பக்கத்துல அந்த அளவு குளோரைடு போட்டு வெச்சிருக்கிற ஸ்டாண்டர்டை விடக் கலங்கல் கம்மின்னா பாஸ்." ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அது இல்லைன்னா அந்த வாரமே ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன்.

சுற்றறிக்கை எழுதினவங்களும் லிமிட் டெஸ்ட் படிச்சவங்கதானே?

"சீனியர் தப்பா சொல்லிக்கொடுத்தா?"ன்னு உடனே வருவீங்க. கொடுத்திருக்காங்க. பெரியவங்க டோஸ்ல இருந்து குழந்தைக்கான டோஸைக் கணக்குப் போடுற கிளார்க் ஃபார்முலாவுல எடையைப் பவுண்டுல போட்டு 150ஆல வகுத்து, பெரியவங்க டோஸால பெருக்கணும். ஒரு தம்பி கிலோவுல போட்டுக் காட்டிட்டான். 20 கிலோ குழந்தைக்கு வரவேண்டிய டோஸ்ல பாதிகூட வரல. மறுநாளே அதே குரூப்புல மன்னிப்புக் கேட்டுத் திருத்திப் போட்டான். போர்டுல தப்பா எழுதிட்டு மன்னிப்புக் கேட்ட வாத்தியாரை நான் இன்னும் பார்க்கல. (இது கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் அழிக்கப் போறதில்ல.)

"பொம்பளைப் பிள்ளைங்க நம்பரெல்லாம் அதுல இருக்கே?" நியாயமான கேள்வி. அதனாலதான் ஒரு மேடத்தை அட்மினா போடுங்கன்னு பசங்களே போய்க் கேட்டாங்க. யாருக்கும் நேரமில்லையாம். மூடுறதுக்கு மட்டும் நேரம் கிடைச்சிருக்கு.

"பசங்களே பாடம் எடுத்தா நாங்க எதுக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டாராம். இதுதான் எனக்குப் பொறுக்கல. உங்களுக்குப் போட்டியா யாரும் வரல சார். உங்ககிட்ட கேட்கப் பயப்படுற கேள்வியைத்தான் அங்க கேட்டாங்க. மோலாரிட்டிக்கும் நார்மாலிட்டிக்கும் என்ன வித்தியாசம்னு கிளாஸ்ல எழுந்து கேட்டா, "இதுகூடத் தெரியாமலா வந்தே?"ன்னு வரும். குரூப்புல கேட்டா தமிழ்லயே ஒரு வாய்ஸ் நோட் வரும். பயாலஜி எடுக்காம வந்தவங்களுக்கு ரெமிடியல் பயாலஜி வெச்சிருக்கீங்க, கணக்கு எடுக்காதவங்களுக்கு ரெமிடியல் மேத்ஸ் வெச்சிருக்கீங்க. இங்கிலீஷைப் பார்த்து வாயடைச்சுப் போற பிள்ளைக்கு என்ன வெச்சிருக்கீங்க? அதைத்தான் அந்தப் பசங்க காசு வாங்காம, நன்றிகூட எதிர்பார்க்காம, தங்களோட இன்டர்னலுக்குப் படிக்கிற நேரத்துல செஞ்சாங்க. அவங்களுக்குக் கிடைச்சது பெற்றோரைக் கூட்டிட்டு வரச் சொன்ன ஓலை.

படிச்சு முடிச்சு ஆஸ்பத்திரி ஃபார்மசியில நிக்கிற எனக்கே, அந்த டேபிள்ல விழுந்த ரெக்கார்டோட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

நேத்து ராத்திரி 11 மணிக்கு ஒரு மெசேஜ். "அக்கா, குரூப் இல்லைல்ல, அதான் உங்களுக்கே அனுப்புறேன். சல்பேட் லிமிட் டெஸ்ட்ல எதுக்கு பேரியம் குளோரைடு? திட்டாதீங்க."

பதில் அனுப்பிட்டேன். இதுவும் ராகிங்னா எனக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்க.