"எங்க நாய் கடிக்காதுங்க"

நாய் வளர்க்கும் எல்லோரும் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்போம். பத்து வருடமாக நாய் வளர்க்கும் நானும் சொல்லியிருக்கிறேன். போன வருடம் அக்கா மகனை அவர்கள் குடியிருப்பின் மாடிப்படியில் பக்கத்து வீட்டு நாய் தொடையில் கடித்துவிட்டது. அவனுக்கு ஆறு வயது. நாயின் கழுத்தில் பெல்ட் இருந்தது, பிடித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ஓடிவந்த வீட்டார் முதலில் சொன்னது, "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லைங்க."

பதற்றத்தில் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அது கோர்ட்டிலும் செல்லுபடியாகும் வாதம் என்று வக்கீல் நண்பர் ஒருவர் சொன்னபோதுதான் உறைத்தது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், நாயின் முரட்டுக் குணம் உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்றோ, அவர் கவனக்குறைவாக இருந்தார் என்றோ கடிபட்டவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே வளர்ந்த பழைய பொதுச் சட்டத்திலிருந்து (common law) நமக்கு வந்த வழக்கம் இது. முதல் கடியை வாங்கிய குழந்தை என்ன பாவம் செய்தது?

போலீஸில் புகார் கொடுக்கலாம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி, வளர்க்கும் விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காயம் பலமானால் வேறு பிரிவுகளும் சேரும். சரி, அந்த 5,000 ரூபாயை அப்படியே குழந்தையிடம் கொடுத்தாலும் எதற்குக் காணும்? 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் 5 வயது மகளை ராட்வைலர் இன நாய்கள் இரண்டு குதறின. காப்பாற்றப் போன தாயையும் கடித்தன. தலையில் அறுவை சிகிச்சை வரை போன குழந்தை அது. உரிமையாளர் கைதானதைத்தான் எல்லோரும் பேசினோம். ஒரு காவலாளியின் குடும்பம் சிவில் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைய முடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

இனத்தைத் தடை செய்தால் தீரும் என்பதை நான் ஏற்கவில்லை. ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட இனங்களுக்கு எதிராக 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அக்கா மகனைக் கடித்ததும் சாதாரண நாட்டு நாய்தான்.

ஜெர்மனியில் செல்லப் பிராணி யாரையாவது காயப்படுத்தினால், தவறு யார் பக்கம் என்று பார்க்காமலே வளர்ப்பவர்தான் நஷ்டஈடு தர வேண்டும். பெர்லினில் நாய்க்குக் காப்பீடும் கட்டாயம். நம் ஊரில் ஸ்கூட்டருக்கே மூன்றாம் நபர் காப்பீடு கேட்கிறோம். மாநகராட்சி நாய்க்கு லைசென்ஸ் கொடுக்கும்போது அதையும் கேட்டால் என்ன? கூடுதல் செலவுதான், எனக்கும்தான். நாய் என் சந்தோஷத்துக்காக என் வீட்டில் இருக்கிறது. அதனால் வரும் ஆபத்தை எதிர்வீட்டுக் குழந்தை ஏன் சுமக்க வேண்டும்?

சட்டம் மாறும்வரை ஒன்று. குழந்தையை நாய் கடித்தால் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம் காயத்தைப் படம் எடுங்கள், உரிமையாளரின் பெயர், முகவரி, நாயின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். "பக்கத்து வீட்டுக்காரர் ஆயிற்றே" என்று நாங்கள் புகார் எழுதாமல் இருந்துவிட்டோம். கடைசி ஊசிக்கான பில் வரும்போது அவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள்.